ஒரு வாய்ப் பால்

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று ஊரில் சொல்வார்கள். தோல் பதனிடுகிற எங்கள் ஷாப்பில் அழுத பிள்ளை அபின் குடிக்கும். இதை வாய்விட்டுச் சொன்னால் என் வீட்டுக்காரருக்குக் கோபம் வரும். வரட்டுமே! எனக்கு வராத கோபமா அவருக்கு வந்துவிடப்போகிறது?

அவர் பெயர் முனீர் அகமது. ஆம்பூரில் தோல் பதனிட்டு மெட்ராஸுக்கு அனுப்புகிறவர்களில் ஒருவர். ஆட்டுத் தோலைக் கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே போதும், இது கலவைச் சந்தையில் வாங்கினது, இது நாட்றம்பள்ளியில் வாங்கினது என்று சொல்லிவிடுவார். அவ்வளவு தெரிந்த மனிதரிடம், உங்கள் ஷாப்பில் பட்டை இடிக்கிற பெண்களின் பிள்ளைகள் பகலெல்லாம் எங்கே கிடக்கின்றன என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார். எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு மாடியில் ஷாப்பைப் பார்த்த மாதிரி மரச்சட்டம் அடித்த ஜன்னல் ஒன்று இருக்கிறது. நான் எல்லாரையும் பார்க்கலாம், என்னை யாரும் பார்க்க முடியாது. பர்தாவுக்குள் இருக்கிற பெண்ணுக்குக் கிடைத்த உத்தியோகம் அதுதான். கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்த உத்தியோகத்தைத்தான் வயிறெரியப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஷாப்பு முற்றத்தில் ஒரு புங்கமரம். அதன் கிளைகளில் பழைய புடவைகளால் ஏணை கட்டிப் பிள்ளைகளைப் போட்டிருப்பார்கள். கொஞ்சம் தள்ளித் தோல்களை ஊறப்போடுகிற சுண்ணாம்புத் தொட்டிகள், தரைமட்டத்துக்கு வாயைத் திறந்தபடி. இந்தப் பக்கம் பெண்கள் வரிசையாக நின்று தோலுக்குப் பதம் ஏற்றுகிற ஆவாரம்பட்டையை உலக்கையால் இடிப்பார்கள். இடித்த பட்டைக்குக் கூடைக் கணக்கில் கூலி. பிள்ளை அழுகிறதே என்று ஒருத்தி உலக்கையைக் கீழே வைத்தால் மேஸ்திரி கன்னியப்பன் அவள் உரலை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவான். அன்றைய பிழைப்பு அதோடு சரி. அதனால் காலையில் வேலைக்கு நிற்பதற்கு முன் கடுகளவு அபினைத் தாய்ப்பாலில் கரைத்துப் பிள்ளையின் நாக்கில் தடவிவிடுவார்கள். ஏணையில் கிடக்கிற பிள்ளைக்குக் கொஞ்சம். தவழுகிற பிள்ளைக்கு ஜாஸ்தி, ஏனென்றால் அது தொட்டிப் பக்கம் போய்விடும்.

அபின் சமாசாரம் முதலில் எனக்குத் தெரியாது. இந்தப் பிள்ளைகள் எவ்வளவு சமர்த்தாகத் தூங்குகின்றன, நம்ம ரஃபி இப்படித் தூங்கமாட்டேன் என்கிறானே என்று ஜன்னலில் நின்று பொறாமைப்பட்டிருக்கிறேன். சுந்தரி சொல்லித்தான் தெரிந்தது.

சுந்தரியும் பட்டை இடிக்கிறவள்தான். எனக்கு ரஃபி பிறந்தவுடன் ஜன்னி கண்டு பால் வற்றிப்போயிற்று. அப்போது அவளுக்கும் கைப்பிள்ளை, தெய்வானை என்று ஒரு பெண். ரஃபிக்குப் பால் கொடுக்க அவளை வீட்டுக்கு வரவழைத்தார்கள். முதல் பால் என் மகனுக்கு, அவன் குடித்து மிஞ்சினது அவள் மகளுக்கு. ரஃபி சோறு தின்ன ஆரம்பித்ததும் ஒரு புடவையைக் கொடுத்து அவளைத் திரும்பவும் உரலுக்கே அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் பிறந்து இரண்டும் போய்விட்டன. இருக்கிறது இந்த ஒன்றுதான்.

ஒரு நாள் மத்தியானம் கொல்லைக் கதவு படபடவென்று தட்டப்பட்டது. திறந்தால் சுந்தரி, தோளில் தெய்வானை. பிள்ளையின் தலை துணிப்பொம்மை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

"பீபிம்மா, கண்ணே தொறக்க மாட்டேங்குது! காத்தால கொஞ்சம் ஜாஸ்தியா போட்டுட்டேன். நேத்து தொட்டிக்கிட்ட நடந்து போய்ட்டா, அந்த பயத்துல போட்டுட்டேன்."

"இன்னாத்தைடி போட்டே?"

அப்போதுதான் சொன்னாள். எனக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. திட்டுவதற்கு அது நேரமில்லை. பிள்ளையின் முகத்தில் தண்ணீர் அடித்தோம், கன்னத்தைத் தட்டினோம், உள்ளங்காலைச் சூடு பறக்கத் தேய்த்தோம். கடுங்காப்பியைச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டோம். தூங்கவிடாதே, தூங்கவிடாதே என்று நான் கத்தின கத்தலில் ரஃபி பயந்து அழுதான். பொழுது சாய்கிற சமயத்தில் தெய்வானை ஒரு முனகல் முனகிவிட்டு வாந்தி எடுத்தாள். அல்லாஹ்வே! ஒரு பிள்ளை வாந்தி எடுத்ததற்காக நான் அழுதது அன்றைக்குத்தான்.

சுந்தரி மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். "மேஸ்திரி உரலைக் குடுத்துட்டிருப்பான். நாளைக்காவது நிக்க வெப்பானான்னு கேட்டுட்டு வர்றேன், பீபிம்மா."

அதற்குப் பிறகுதான் நான் என் வீட்டுக்காரரைப் பிடித்தேன். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. தொட்டிகளை விட்டுத் தள்ளி ஒரு கொட்டகை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்பிள்ளை. காலையில் ஒரு தரம், சாயந்தரம் ஒரு தரம் தாய்மார்கள் போய்ப் பால் கொடுத்துவிட்டு வர அனுமதி. போய் வருகிறவளின் உரலைப் பிடுங்கக் கூடாது. இவ்வளவுதான்.

"அக்தரி, தொழில் தெரியாம பேசாதே" என்றார்.

"தெரிஞ்சுதான் பேசறேன். புள்ளைக்கு ஜுரம்னா தாய்க்காரி வர்றதில்ல. புதுசா ஒருத்திய நிக்க வெக்கறீங்க. அவ பட்டையக் கட்டையும் கரடுமா இடிச்சுப் போடறா. தோல்ல பதம் ஏறமாட்டேங்குது. போன தரம் மெட்ராஸ்ல மட்டம்னு ஒதுக்குனாங்களே, அதெல்லாம் யார் இடிச்ச பட்டைன்னு கன்னியப்பனைக் கேளுங்க. நாலு வருஷம் இடிச்சுப் பழகுன கையி ஒண்ணு போனா எவ்ளோ நஷ்டம்?"

"கைக்கு இன்னா பஞ்சம்? ஒருத்தி போனா ரெண்டு பேர் வர்றாங்க."

"தோல் நனைஞ்சா மட்டும் ஓடறீங்களே! மழை இருட்டினா ஷாப்பே ஓடுது, தோலை அள்ளிக் கூரைக்குள்ள போட. இந்தப் புள்ளைங்க நனையறது கண்ணுக்குத் தெரியலயா?"

"தோல் என் முதல். புள்ளைங்க அவங்கவங்க புள்ளைங்க. ஊர்ல எந்த ஷாப்புல கொட்டாய் இருக்குது சொல்லு. நான் ஒருத்தன் ஆரம்பிச்சா மத்த முதலாளிங்க என்னைக் கட்டி வெச்சு உதைப்பாங்க."

செவிடன் காதில் ஊதிய சங்கு. ஒரு வாரம் ஊதினேன். சோறு போடும்போது ஊதினேன், தொழுதுவிட்டு வரும்போது ஊதினேன். மனிதர் தோல் பையைத் தூக்கிக்கொண்டு ஆலங்காயம் பக்கம் பட்டை வாங்கப் போய்விட்டார்.

திரும்பி வந்ததும் வேறு பக்கமாகப் பிடித்தேன். "தெய்வானை யாரு தெரியுமா? நம்ம ரஃபிக்குத் தூத் பஹன். ஒரே மார்ல பால் குடிச்சதுங்க. நாளைக்கு மறுமையில, உன் மகனோட கூடப்பொறந்தவ எங்க கெடந்தான்னு கேட்டா, சுண்ணாம்புத் தொட்டி ஓரமா அபின் தின்னுட்டு கெடந்தான்னு சொல்லுங்க."

அது தைத்துவிட்டது. என் வீட்டுக்காரர் கஞ்சர்தான், ஆனால் ஐந்து வேளை தொழுகிற கஞ்சர். எங்கள் மார்க்கத்தில் ஒரு தாயிடம் பால் குடித்த பிள்ளைகள் கூடப்பிறந்தவர்களுக்குச் சமம். இரண்டு வயதுக்குள் ஒரு வாய் குடித்திருந்தாலும் உறவு உறவுதான், அதற்குப் பிறகு அவர்களுக்குள் கல்யாணம் கூடாது. பால் கொடுத்தவள் எந்த ஜாதி, எந்த மதம் என்ற பேச்சே கிடையாது. அவர் பள்ளிவாசலுக்குப் போய், தொழவைக்கிற ஹஜ்ரத்திடம் கேட்டுவிட்டு வந்து, பெரிய மனசு பண்ணுகிறவர் போல உட்கார்ந்தார்.

"சரி. அந்தப் பொண்ணு நம்ம வீட்டுக் கொல்லையில இருக்கட்டும். சோறு போடு."

"மத்த புள்ளைங்க?"

"மத்ததுங்க எனக்கு இன்னா உறவு?"

போகட்டும், ஒரு உயிராவது தப்பிக்கட்டும் என்று சுந்தரியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் முகம் மலரும் என்று பார்த்தால் தலையைச் சொறிந்தாள்.

"வேணாம் பீபிம்மா. நான் பால் குடுக்க எழுந்திருச்சா பக்கத்து உரலுக்காரிங்கதான் ஆளுக்கு ஒரு கை பட்டை என் கூடையில போட்டு மேஸ்திரி கண்ணை மறைக்கறாங்க. அவங்க எழுந்தா நான் போடறேன். எம் பொண்ணு மட்டும் சாயபு வூட்டுக்குள்ள போய்ட்டா, எனக்கு யாரு போடுவா? நான் யாருக்குப் போடுவேன்? அந்தக் கட்டு அவுந்துபோச்சுன்னா மரத்தடியில கெடக்கற எட்டுப் புள்ளையும் போச்சு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் முதுகில் ஒன்று வைக்கலாம் போலிருந்தது. ஒரு மனுஷன் கொடுக்கமாட்டேன் என்கிறான், இன்னொருத்தி வாங்கமாட்டேன் என்கிறாள், நடுவில் நான் ஒரு பைத்தியக்காரி. தெய்வானை திரும்பவும் புங்கமரத்தடிக்குப் போனாள். சுந்தரி அபினை நிறுத்திவிட்டாள். அதற்குப் பதிலாகப் பிள்ளையின் காலில் கயிறு கட்டி மரத்தோடு சேர்த்து முடிந்துவிட்டாள். ஆட்டுக்குட்டியைக் கட்டுகிற மாதிரி. அதையும் நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் புத்தியில் தட்டியது. உறவுதானே வேண்டும்? தருகிறேன் உறவு, வயிறு முட்ட!

என் வீட்டுக்காரர் மெட்ராஸுக்கு ரயில் ஏறின அன்றைக்கு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கைப்பிள்ளைக்காரிகள் எட்டுப் பேரையும் கொல்லைக்கு வரச்சொன்னேன். சுந்தரி கூட்டிவந்தாள். வரிசையாக உட்காரவைத்து ஆளுக்கு ஒரு தட்டு பிரியாணி வைத்தேன். பிறகு ரஃபியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அவனுக்கு அப்போது இரண்டு வயது நிறையவில்லை.

"ஆளுக்கு ஒரு வாய் இவனுக்குப் பால் குடுங்க. குடுத்தா உங்க புள்ளைங்க எல்லாம் இவனுக்குக் கூடப்பொறந்ததுங்க. சாயபு அப்பறம் என் உறவு இல்லன்னு சொல்ல முடியாது."

பட்டம்மாள் என்று ஒருத்தி, நாக்கில் நல்ல மிளகாய் அரைத்தவள், தட்டை நகர்த்திவிட்டு என்னைப் பார்த்தாள். "எம் புள்ளைக்கே பத்தல. இதுல உம் புள்ளைக்கு வேறயா? அவன் இருக்கற கனத்துக்கு அவன்தான் எங்களுக்குக் குடுக்கணும்."

"ஒரே ஒரு வாய்தான்டி."

"எங்க ஜாதிக்காரி பாலு உங்களுக்கு ஒத்துக்குமா?"

"சுந்தரி பால்தான் இவனை வளத்துச்சு. பாரு, எப்படி இருக்கான்!"

எல்லாரும் சிரித்தார்கள். ஆனாலும் யாரும் அசையவில்லை. கடைசியில் மஹ்பூபி எழுந்தாள். ஷாப்பில் எங்கள் சனம் அவள் ஒருத்திதான், புருஷன் செத்துப்போனவள், அவளுக்கும் ஒரு பெண்குழந்தை. "அடப்பாவி, நானும் குடுத்துட்டா எம் பொண்ணுக்கு சாயபு வூட்டு மாப்பிள்ளை போச்சே!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். கொல்லையே கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பில் காரியம் நடந்தது. ரஃபி முதலில் குஷியாகத்தான் குடித்தான். நாலாவது ஆளிடம் முகத்தைத் திருப்பினான். பட்டம்மாளிடம் வந்ததும் கடித்துவைத்தான். "அப்பன் புத்தி!" என்று அவன் தொடையில் ஒன்று போட்டுவிட்டு, அழுதவன் வாயில் பாலைப் பீய்ச்சினாள். குடித்தானா குடித்தானா என்று எல்லாரும் குனிந்து பார்த்தோம். விழுங்கிவிட்டான்.

என் வீட்டுக்காரர் ஊரிலிருந்து வந்தபோது நானே சொன்னேன். மனிதர் போட்ட சத்தத்தில் கூரையில் இருந்த புறாவெல்லாம் பறந்தது. தலாக் என்கிற வார்த்தை தொண்டைவரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப்போனது. விடிவதற்குள் சேதி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் தோல் வியாபாரிகள் எல்லாரும், "இன்னா முனீர் பாய், ஒரே நாள்ல உங்க மகனுக்கு எட்டு உம்மாவாமே" என்று அவரைப் பேஜார் பண்ணினார்கள். இவர் ஹஜ்ரத்திடம் ஓடினார். ஹஜ்ரத் நியாயஸ்தர். உறவு உண்டு, சோறு போடுகிற கடமை சட்டப்படி கிடையாது என்று சொல்லியிருக்கிறார். இவர் மூச்சு விடுவதற்குள், "ஆனா மகனோட கூடப்பொறந்ததுங்க சுண்ணாம்புத் தொட்டிகிட்ட கெடக்குறதைப் பாத்துட்டு, தினம் இங்க வந்து முதல் வரிசையில நிப்பீங்களா?" என்றும் அத்தனை பேர் முன்னால் கேட்டிருக்கிறார்.

கொட்டகை எழும்பிவிட்டது. கீற்றுக் கூரை, இடுப்புயரச் சுவர், பிள்ளைகள் தாண்டாதபடி வாசலில் ஒரு தட்டி. பட்டம்மாளையே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வைத்தோம். தெய்வானையின் காலில் இருந்த கயிற்றைச் சுந்தரி அவிழ்த்து எறிந்ததை ஜன்னலில் இருந்து பார்த்தேன். வாயில் துப்பட்டாவை வைத்துக்கொண்டு விசும்பினேன். கன்னியப்பனுக்குத்தான் கஷ்டமாயிருந்தது. தாய்மார்கள் எழுந்து போகும்போதெல்லாம் பல்லைக் கடிப்பான்.

ஆனால் அந்த வருஷம் அவனே சொன்னான், பட்டை ஒரு நாள் கூடக் குறையவில்லை என்று. அபின் இல்லாத பிள்ளைகள் கத்தின, விளையாடின, கூழ் குடித்துக் கொழுத்தன. கோடையில் வழக்கமாக இரண்டு மூன்று குழந்தைகளைப் புதைப்பார்கள், அந்தக் கோடையில் புதைக்கவில்லை. தாய்மார்கள் நாள் தவறாமல் வந்தார்கள். பழகின கைகள் பழகின உரலிலேயே நின்றன. மெட்ராஸில் எங்கள் தோலுக்கு நல்ல பேர். மற்ற ஷாப்புகளில் வேலை செய்கிற கைதேர்ந்த பெண்கள் கூட இங்கே இடம் உண்டா என்று கேட்டு வந்தார்கள்.

என் வீட்டுக்காரர் இதையெல்லாம் பார்த்தாரே! வியாபாரிகள் வீட்டுக்கு வந்தால் மாடிவரை கேட்கிற மாதிரி பேசுவார். "தாய்க்காரிக்கு நிம்மதி குடுத்தா அவ கையி நமக்கு லாபம் குடுக்கும், பாய். இதுதான் தொழில் புத்தி." நான் ஒரு வாரம் தொண்டை கிழியச் சொன்னது, வார்த்தைக்கு வார்த்தை! ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று பழமொழி வேறு. எனக்குச் சிரிப்பும் வந்தது, எதையாவது எடுத்து எறியலாம் போலவும் இருந்தது.

லாபம் என்று தெரிந்துவிட்டதே, இனி புதிதாக வருகிற பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். மாட்டேன் என்றுவிட்டார்.

"அது உறவுக்காகச் செஞ்சது அக்தரி. உறவுன்னா ஒரு எல்லை இருக்குது. கூலிக்காரிக்கு உரிமைன்னு குடுத்தா எல்லையே இல்ல. இன்னிக்குக் கொட்டாய், நாளைக்கு வைத்தியம், அடுத்த நாள் பிரசவத்துக்குக் கூலியோட லீவு. மத்த முதலாளிங்ககிட்ட, இது என் வீட்டு பால்குடி விஷயம், ஷாப்பு விஷயம் இல்லன்னு சொல்லித்தான் வெச்சிருக்கேன்."

"லாபம் வருதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"வருது. அதுக்காக?"

அதுக்காக என்று கேட்கிற மனிதனிடம் என்ன பேசுவது? தர்மம் என்றால் லாபம் எங்கே என்கிறார். லாபம் என்றால் உறவு எங்கே என்கிறார். உறவைக் கொண்டுவந்து நிறுத்தினால் எல்லை எங்கே என்கிறார். ஒரு கதவைத் திறந்தால் அடுத்த கதவுக்குப் பூட்டு. கொட்டகை வாசலில் நிற்கிற கன்னியப்பனுக்கு நல்ல வேலை கிடைத்தது. புதிதாகச் சேருகிற ஒவ்வொரு தாயையும், "பால் குடுத்தவளா?" என்று கேட்பான். இல்லையென்றால் புங்கமரம்.

எட்டுப் பிள்ளைகளும் வளர்ந்தன. சில பிள்ளைகள் தெருப் பிள்ளைகளோடு வீட்டில் இருக்கிற வயசுக்கு வந்து கொட்டகைக்கு வருவது நின்றது. கொட்டகையில் பாதி இடம் காலி. பட்டம்மாள் காலி இடத்தைப் பெருக்கிவைத்துவிட்டு, மரத்தடியில் புதிதாகத் தொங்குகிற ஏணைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். ஒன்றிரண்டு தரம் கன்னியப்பன் இல்லாத சமயம் பார்த்து ஒரு பிள்ளையை உள்ளே தூக்கிவந்தாள். அவன் வந்ததும் திரும்பத் தூக்கிக்கொண்டுபோய் மரத்தில் போட்டான்.

ரஃபிக்கு நாலு வயது நடக்கும்போது ஒரு நாள் கொல்லைக் கதவு தட்டப்பட்டது. ஆலங்காயத்துப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்த பெண். பெயர் காசியம்மாள் என்றாள். சின்ன வயசு, இடுப்பில் மூன்று மாதக் குழந்தை. அவளைச் சுந்தரிதான் கூட்டிவந்திருந்தாள், ஆனால் சுந்தரி என் முகத்தைப் பார்க்காமல் தள்ளி நின்றாள்.

"பீபிம்மா, நாளையிலிருந்து உரல் தர்றேன்னு மேஸ்திரி சொல்லிட்டான். கொட்டாய்ல புள்ளைய வுடணும்னா உங்க புள்ளைக்கு ஒரு வாய் பால் குடுக்கணுமாமே. குடுக்கறேன். எனக்கு நல்லா பாலு இருக்குது."

சொல்லிக்கொண்டே படியில் உட்கார்ந்து முந்தானையை விலக்கிவிட்டாள். ரஃபி கொல்லையில் பம்பரம் சுற்றிக்கொண்டிருந்தான். "வா ராஜா, வா" என்று அவனைக் கூப்பிட்டாள். அவன் வெட்கப்பட்டு என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

"அவனுக்கு வயசு போய்டுச்சும்மா" என்றேன். "ரெண்டு வயசுக்குள்ள குடுத்தாதான் உறவு. இனிமே குடுத்தா செல்லாது."

அவளுக்குப் புரியவில்லை. அதான் இவ்வளவு பால் இருக்கிறதே என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். அவள் குழந்தை மார்பைத் தேடி வாயைத் திறந்து திறந்து மூடியது. அதைக் கூடக் கவனிக்காமல், என் மகனுக்காக அந்தப் பாலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "முதல்ல உன் புள்ளைக்குக் குடுடி!" என்று கத்திவிட்டேன். அவள் பயந்துபோய்க் குழந்தையை அணைத்துக்கொண்டாள். அந்தக் கத்தல் அவளைப் பார்த்துக் கத்தினது இல்லை. யாரைப் பார்த்துக் கத்த வேண்டுமோ அந்த மனிதர் கூடத்தில் உட்கார்ந்து வியாபாரிகளோடு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

குழந்தை குடித்து முடித்தது. பிறகு காசியம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். தயங்கித் தயங்கி என் வயிற்றைப் பார்த்தாள்.

"அப்போ அடுத்தது எப்போ பீபிம்மா?" என்று கேட்டாள்.

அவள் கிண்டல் பண்ணவில்லை. பதில் தெரிந்தால்தான் நாளைக்கு வேலையில் சேருவதா, ஊருக்கே திரும்பிப்போவதா என்று அவள் முடிவு செய்ய முடியும்.